படத்துக்குக் கீழே ஒரு பெயர்

அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறவர்களின் உயிரை எடுப்பது எழுத்துப் பிழை இல்லை, பெயர்தான். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, மாமா பெயர் ஏன் சித்தப்பா பெயரைவிடச் சின்னதாக இருக்கிறது என்று, அச்சுக்கு முன் சரிபார்க்கக் கொடுக்கும் புரூப் தாளைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரைக்காலுக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் எனக்கு இந்தத் தலைவலி போதாதென்று இன்னொன்றும் சேர்ந்தது.

எங்கள் முதலாளியிடம் படங்கள் அடங்கிய சி.டி. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்த ரோஜாவும் அன்னமும் ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு வந்து போய்விட்டன. எனக்கோ ஒரே வேலையை இரண்டாம் முறை செய்தாலே கை அரிக்கும். இணையத்தில் துழாவியபோது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று படம் எடுத்தவர்களே பொதுவில் வைத்திருக்கும் படங்கள் கிடைத்தன. காசு கேட்கவில்லை. எடுத்தவர் பெயர், எங்கே கிடைத்தது, என்ன உரிமம், படத்தை மாற்றியிருந்தால் மாற்றினோம் என்ற தகவல், இவ்வளவும் கீழே ஒரு வரியில் வர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. சும்மா கொடுக்கிற மனிதர் கேட்கும் ஒரே விஷயம் அது. அதையும் முழுங்கிவிட்டால் அதற்குப் பெயர் திருட்டு என்று எனக்குப் பட்டது. அந்த ஒரு வரியால் என் வேலையே ஆட்டம் கண்டது. வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்தத் தலைக்கட்டு?

மீனவர் ஊரான காரைக்கால்மேட்டிலிருந்து கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். அம்மன் படத்துக்குப் பின்னால் கடல் வேண்டும் என்றார்கள். லார்ஸ் என்ற டென்மார்க்காரர் எடுத்த அருமையான விடியற்காலைக் கடல் கிடைத்தது. போட்டேன். கீழே அவர் பெயரையும் போட்டேன். புரூப் பார்க்கப் பஞ்சாயத்தார் ஐந்தாறு பேர் வந்தார்கள். அம்மனைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. நேராக விரல் போய் லார்ஸ் மேல் நின்றது.

அந்த ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கொடுத்தவர்களுக்குத்தான் திருவிழாவில் உரிமை. நோட்டீஸில் பெயர் வருவதென்றால் சும்மாவா? நான் உரிமத்தை விளக்க விளக்க அவர்கள் முகம் இறுகிக்கொண்டே போனது. காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "அவரு படத்த இனாமாக் குடுத்திருக்காருங்க, பேரு மட்டும்தான் கேக்குறாரு" என்றேன். பஞ்சாயத்துத் தலைவர் சட்டென்று நிமிர்ந்தார். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அம்மனுக்குக் குடுத்தா அது உபயம். 'கடல் படம் உபயம்: டென்மார்க் லார்ஸ்'னு போடும்மா. கொட்ட எழுத்துல போடு, நாளைக்கு அவரு வந்து கேட்டா நமக்குத்தான் அசிங்கம்!"

கல்யாணப் பத்திரிகையில் கூடாத வார்த்தை

அடுத்து வந்தவர் பக்கத்துப் பூவம் கிராமத்துக்காரர். நிலம் வைத்திருப்பவர், பெண்ணுக்குக் கல்யாணம். தாமரைப் படம் கேட்டார். கிடைத்த தாமரை வெளிறிப்போய் இருந்ததால் சிவப்பு ஏற்றினேன். விதிப்படி கீழே, எடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில், 'மாற்றம் செய்யப்பட்டுள்ளது' என்று போட்டேன். புரூப்பைக் கையில் வாங்கியவர், சூடு பட்டதுபோல் மேஜைமேல் வைத்துவிட்டார்.

அந்த வரியை எடுக்க மாட்டேன் என்று நானும், அது இருந்தால் பத்திரிகையே வேண்டாம் என்று அவரும் மல்லுக்கு நின்றோம். முதலாளி உள்ளேயிருந்து என்னை முறைக்க ஆரம்பித்தார். வாசல்வரை போய்விட்ட மனிதர் ஏதோ யோசித்துத் திரும்பி வந்தார். "பத்திரிகையில மாற்றம்னு கண்டா, சம்பந்தி வீட்டுல மண்டபம் மாறிடிச்சா, முகூர்த்தம் மாறிடிச்சான்னு ராத்திரி பூரா தூங்க மாட்டாங்கம்மா. 'நிறம் கூட்டப்பட்டது'ன்னு வைங்க. கூட்டுறதுல ஒண்ணும் தப்பில்ல, கொறைக்கிறதுதான் ஆவாது."

நண்டுக்கு நன்றி

தனியார் பள்ளி ஒன்றின் ஆண்டு மலர். அதில் சூரியமண்டலம், திமிங்கிலம், மழைக்காடு என்று பத்துப் பன்னிரண்டு படங்கள். இணையத்தில் பலர் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. எந்தப் பெயரில் வைத்திருக்கிறார்களோ அந்தப் பெயரைத்தான் போட வேண்டும். திமிங்கிலத்தைக் கொடுத்த புண்ணியவான் தனக்கு 'ஸ்லீப்பி கிராப்' என்று பெயர் வைத்திருந்தார். தூங்குகிற நண்டு. நான் என்ன செய்வேன்?

தலைமையாசிரியை ஆட்டோ பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். 'நன்றி: இணையம்' என்று மொத்தமாகப் போட்டு முடிக்கச் சொன்னார். இணையம் படம் எடுக்காது மேடம், ஆள்தான் எடுப்பார் என்றேன். பிள்ளைகள் கட்டுரையைப் பார்த்து எழுதினால் நீங்கள் விடுவீர்களா என்றும் கேட்டுத் தொலைத்தேன். அந்தக் கேள்வி அவரை எங்கோ தொட்டிருக்க வேண்டும், வரி தங்கியது. ஆனால் போகும்போது முதலாளியிடம் சொன்னார்: "நண்டு இருந்துட்டுப் போவட்டும் சார். ஆனா இந்தப் பொண்ண அடுத்த வருஷம் எங்க மலர்ப் பக்கமே விடாதீங்க."

அன்று சாயங்காலம் முதலாளி கணினியை அணைக்கச் சொல்லிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "இனிமே ஒரே ஒருத்தர், இந்தப் பேரு எதுக்குன்னு கேட்டு இந்தப் படி ஏறினா, நீ அன்னைக்கோட வேலைக்கு வர வேணாம்."

கலியன் அண்ணன் சொன்ன வழி

வரியை எடுத்தால் என் மனசு ஒப்பாது. வைத்தால் வேலை இல்லை. மானிட்டருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெயின்ட் கடைக்காரரின் காலண்டருக்கு அச்சுப் பிளேட் எடுக்கப் போகிற நேரம் அது. அதில் அரசலாறு கடலில் சேரும் இடத்தின் படம்; எடுத்தவர் மிஷேல் நடேசன் என்று ஆங்கில எழுத்தில் இருந்ததை நான் தமிழில் எழுதியிருந்தேன். என் தவிப்பைப் பார்த்த மிஷின்மேன் கலியன் அண்ணன் கை மையைத் துடைத்தபடியே வழி சொன்னார். "வெள்ளத் தாளுல வெளிர் மஞ்சள்ல போட்டுடு பாப்பா. பேரு போட்டதுமாச்சு, ஒரு பய கண்ணுக்கும் தெரியாது."

காலண்டரோடு வந்தவர்

கறுப்பில்தான் போட்டேன். பொங்கலுக்கு முந்தின வாரம், சுருட்டிய காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் படியேறினார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உயரம். காலண்டரை மேஜைமேல் விரித்து அந்த வரியில் விரலை வைத்தார். "இத இங்க யாரு போட்டது?" தமிழ்தான், ஆனால் மெல்ல மெல்ல வந்தது.

முதலாளி எழுந்தே விட்டார். "நான் அப்பவே சொன்னேன் சார், இந்தப் பொண்ணு கேக்கல. எடுத்துடுறோம், அடுத்த லாட்டுல இருக்காது." நான் டிபன் பாக்ஸைப் பையில் போட்டேன். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். வந்தவர் இரண்டு கையாலும் காலண்டரை மூடிக்கொண்டார். "எடுக்காதீங்க. இது நான்" என்றார்.

அவருடைய அப்பா காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்துக்காரர், இங்கே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்கள் பட்டாளத்துக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிரான்ஸில். விடுமுறைக்கு வந்தபோது எடுத்த படம் அது. இந்த முறை அத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்து, தன் படம் என்று சொல்லியிருக்கிறார். அத்தை கீழே இருந்ததை வாசித்துக் காட்டியிருக்கிறார். பெயின்ட் கடையில் விசாரித்துக்கொண்டு எங்களைத் தேடி வந்துவிட்டார். இவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எங்கே மிஷேல், எங்கே நடேசன் என்று என்னிடம் கேட்டார். நான் பேனா முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினேன். அவர் விரல் பின்னாலேயே வந்தது. வந்து, கடைசி எழுத்தில் நின்றுவிட்டது. "எங்கப்பா கல்லறையிலகூட பிரெஞ்சுலதான் எழுதியிருக்கு. எங்க பேரு தமிழ்ல எப்படி இருக்கும்னு நான் இன்னைக்குத்தாங்க பாக்குறேன்."

அதற்குப் பிறகு எங்கள் அச்சகத்தில் படத்துக்குப் பெயர் போடலாமா கூடாதா என்ற பேச்சே எழவில்லை. தன் பெயரும் கூடவே வர வேண்டும் என்று முதலாளி கிளம்பிவிட்டதால், படம் எடுத்தவர் பெயருக்கு மேலே முதலாளி பெயர் வருவதா கீழே வருவதா என்ற சண்டைதான் நான் வேலையை விடும்வரை நடந்தது.