முப்பத்தொரு வெள்ளைப் புள்ளிகள்

என் தம்பி லேத் பட்டறையில் பதினெட்டு வருஷம் நின்றவன். இரும்புத் தண்டைக் கையில் வாங்கியதுமே அதன் பருமனைச் சொல்லுவான். அப்புறம் கருவி வைத்து அளந்தால் மயிரிழைதான் வித்தியாசம் இருக்கும். இதை அவன் முதலாளியே என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

கண் நரம்பில் வியாதி. முப்பத்தாறு வயதில் ஓரப் பார்வை போயிற்று, நாற்பதில் மீதியும் போயிற்று. பட்டறையில் முதலில் அவனைச் சாமான் துடைக்க வைத்தார்கள், பிறகு வாசலில் உட்கார வைத்தார்கள், கடைசியில் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். நான்கடி நீள மீன் தொட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தொட்டியை மூன்று மாடிக்கு நான்கு பேர் தூக்கினார்கள். அவன் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே பின்னால் ஏறி வந்தான். அவர்கள் மூச்சு வாங்கியதை வைத்தே தொட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொன்னான்.

மீன் வளர்ப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அதில் அவன் பெயர் கெளுத்தி. பார்வை இருந்த காலத்திலேயே சேர்ந்துவிட்டான். ஒன்பது வருஷத்தில் அங்கே அவன் எழுதிய பதில்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குழு நடக்கும் விதத்தை ஒருமுறை பார்த்தால் போதும். ஒருவர், என் மீன் சாய்ந்து நீந்துகிறது, என்ன செய்வது என்று கேட்பார். முதலில் வருபவர், இதைப் பத்துத் தடவை பேசியாகிவிட்டது, தேடிப் பாருங்கள் என்பார். அடுத்தவர் தன் தொட்டியின் படத்தைப் போடுவார். கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நாலு பேர் அந்தப் படத்தைப் புகழ்வார்கள். இன்னொருவர், மீனைக் கண்ணாடிக்குள் அடைப்பதே பாவம் என்பார். அவரும் எட்டுத் தொட்டி வைத்திருப்பார். இருபதாவது பதிலில் இரண்டு பேர் உப்பு போடலாமா கூடாதா என்று சண்டைக்கு நிற்பார்கள். நாட்டாமை என்று எல்லோரும் அழைக்கும் நிர்வாகி வந்து பேச்சைப் பூட்டிவிடுவார். அதற்குள் கேட்டவரின் மீன் நிமிர்ந்திருக்கும், இல்லையென்றால் மிதந்திருக்கும். இவ்வளவு கூச்சலுக்கு நடுவே கெளுத்தியின் பதில் மட்டும் நான்கு வரியில் இருக்கும், சரியாக இருக்கும்.

அவனுக்குப் பார்வை போனது அங்கே யாருக்கும் தெரியாது. போன் தானாகப் படித்துக் காட்டுவது சோற்றில் கல் கடிபட்டது மாதிரி இருக்கிறது என்றான். அதனால் நான்தான் படிப்பேன், அவன் சொல்வதை எழுதுவேன், படங்களைப் பார்த்துச் சொல்வேன். நான் எட்டாம் வகுப்பு. ஆனால் சட்டைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சோதனை மேஜையில் இருக்கிறேன். ஒரு சட்டையில் எத்தனை பிசிறு, எத்தனை கறை என்று எண்ணி எழுதுவதுதான் என் வேலை. இதுவரை என் மேஜையைத் தாண்டிப் போன ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை.

போன வருஷம் ஒரு பஸ் டிரைவர் கேள்வி போட்டார். ஓய்வு பெற்றவர், வீட்டில் தனி ஆள், ஏழு தங்கமீன்கள். ஒன்றின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்று படம் அனுப்பி, "கெளுத்தி அண்ணன் பாத்துச் சொன்னாப் போதும், மத்தவங்க சும்மா இருங்க" என்றும் எழுதியிருந்தார். இதை வாசித்தபோது தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"செவுள் மூடியில மட்டும் இருக்கா, உடம்பெல்லாம் இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுக்கா."

படத்தைப் பெரிதாக்கி, விரல் வைத்து எண்ணினேன்.

"உடம்பெல்லாம் இருக்குடா. முப்பத்தொண்ணு."

"எண்ணினியா?"

"ரெண்டு தடவை."

அப்படியென்றால் வெண்புள்ளி நோய் என்றான். தண்ணீரைச் சூடாக்கச் சொன்னான், மருந்தின் பெயரும் அளவும் சொன்னான். டிரைவர் சொட்டுக்கூடப் பிசகாமல் அப்படியே செய்தார். மறுநாள் மத்தியானம், ஆறு போய்விட்டது, ஒன்று மூச்சு வாங்குகிறது என்று எழுதினார்.

முதல் பதில், படம் போடுங்கள் என்று வந்தது. இரண்டாமவர், நான் அப்போதே சொன்னேன் என்றார். அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. மூன்றாவதாக ஆழ்கடல் என்ற பெயர்க்காரர் வந்தார். பழைய படத்தில் வட்டம் போட்டு விளக்கியிருந்தார். செவுள் மூடியில் இருக்கும் ஆறு பொட்டு, ஆண் மீனுக்குப் பருவத்தில் வருவது, நோயே இல்லை. மற்ற இருபத்தைந்தும் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகள். தண்ணீர் மாற்றினால் யார் வீட்டுத் தொட்டியிலும் வரும். சூடேறிய தண்ணீரில் காற்று குறையும், அதன் மேல் மருந்து வேறு. நோய் இல்லாத மீன்களைக் கொன்றாயிற்று. கடைசி வரியில் நான் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"அவ்வளவுதான்."

"அக்கா, படி."

படித்தேன். "கெளுத்திக்குக் கண்ணு என்ன குருடா?"

 தவறு என்னுடையது, படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதச் சொன்னான் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. எண்ணியது நான். என் மேஜையில் கறை என்றால் கறைதான், துணியில் இருக்கிறதா அதன் மேல் போட்ட கவரில் இருக்கிறதா என்று பார்க்காமலே எண்ணியிருக்கிறேன். நான்தான் பார்த்தேன் என்று எழுதிவிடுகிறேன் என்றேன்.

"நீ பாத்தேன்னு எழுதினா, நான் பாக்கலேன்னு ஆயிடும். அங்கேயாவது எனக்குக் கண்ணு இருக்கட்டும்."

அவன் சொன்னபடியே எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு பதில்கள் வந்தன. பாதிப் பேர் அவனைக் கொலைகாரன் என்றார்கள், மீதிப் பேர் உப்புச் சண்டைக்குப் போய்விட்டார்கள். நாட்டாமை பூட்டினார்.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் கம்பெனி இடைவேளையில் என் போனிலிருந்து டிரைவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். என் தம்பிக்குப் பார்வை இல்லை, குமிழியைப் புள்ளி என்று எண்ணியது நான், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று. நல்ல மனுஷர். நல்ல மனசு தாங்காமல் அன்றே குழுவில் போட்டுவிட்டார்: "அவருக்குக் கண் தெரியாதாம். பாவம், யாரும் திட்டாதீங்க."

அன்று சாயங்காலம் வந்ததையெல்லாம் அவனுக்குப் படித்தேன், அந்த ஒரு வரியைத் தவிர. ஒவ்வொருவரும் உங்கள் சேவை பெரிது, நீங்கள் எங்களுக்கு ஒரு பாடம் என்று எழுதியிருந்தார்கள். ஆழ்கடல்கூட மன்னிப்புக் கேட்டிருந்தார். ஏழெட்டு படிப்பதற்குள் தம்பி கையை உயர்த்தினான்.

"திடீர்னு ஏன் எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா ஆயிட்டாங்க?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"யார்கிட்ட சொன்னே?"

சொன்னேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

அதற்குப் பிறகு கெளுத்தியை யாரும் எதுவும் கேட்கவில்லை. காலையில் வணக்கம் சொன்னார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், நோயைப் பற்றிய கேள்விகளை ஆழ்கடலிடம் கொண்டுபோனார்கள். ஐந்து வாரம் போனது. அவன் சாயங்காலமானால் முகம் துடைத்துக்கொண்டு உட்காருவான், நான் ஒன்றும் வரவில்லை என்பேன்.

தாங்க முடியாமல் புதிதாக ஒரு பெயரில் நானே குழுவில் சேர்ந்து ஒரு கேள்வி போட்டேன். மீன் அடியிலேயே கிடக்கிறது, கெளுத்தி அண்ணன் சொல்ல வேண்டும் என்று. அவனுக்குப் படித்துக் காட்டினேன். நான்கு வரியில் பதில் சொன்னான், எழுதினேன். அதன் கீழே ஒருவர், அண்ணன் ஓய்வெடுக்கட்டும், பார்வை உள்ளவர்கள் யாராவது பாருங்கள் என்று மரியாதையாக எழுதினார். அதை நான் படிக்கவில்லை. நல்ல பதில் என்று நாலு பேர் சொன்னதாகச் சொன்னேன்.

தம்பி சிரித்தான்.

"தொட்டி நீளம் அகலம், தண்ணி எத்தனை லிட்டர், எந்தத் தேதியில மாத்தினது, எல்லாம் எழுதிட்டுக் கேள்வி கேட்டவன் ஒன்பது வருஷத்துல ஒருத்தன்கூட இல்லக்கா. இது நீ போட்டது."

பிறகு கணக்கை மூடச் சொன்னான். அதற்கு நாட்டாமையிடம் விண்ணப்பிக்க வேண்டும். கெளுத்தி அண்ணன் போகலாமா என்று அவர் குழுவில் கருத்துக் கேட்டார். எழுபது பேர் கூடாது என்றார்கள். அதனால் மூடவில்லை. பெயர் இன்னும் அங்கே இருக்கிறது, பக்கத்தில் அவர்களே வைத்த ஒரு கும்பிடு படத்தோடு.