அலுமாரிக் கதவில் ஒரு முத்திரை

நண்பர் வீட்டில் இன்று பழைய முத்திரை ஆல்பத்தைத் திறந்தபோது புளித்த பசை மணத்தது. யூத சதுரங்கச் சாம்பியன்கள் என்று அவர் தலைப்பிட்டிருந்த பக்கத்தில், ஒரு முத்திரையில் கன்னத்தில் கைவைத்தபடி அந்த மனிதர் இருந்தார்.

அவரை எனக்குச் சிறுவயதில் எங்கள் ஊரான முரசுமோட்டையிலேயே தெரியும். கப்பலில் வேலை செய்த சித்தப்பாவின் கடித உறையில் முத்திரையாக வந்தவரை அம்மா சோற்றுப்பசையால் அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்திருந்தார். காட்டை வெட்டி நெல் விதைத்துவிட்டு, காணி பெர்மிட்டுக்காகக் குடியேற்றமே காத்திருந்த காலம் அது. அவருக்கு முன்னால் கிடந்த கட்டங்களைக் காணிப் படமென்று எண்ணி, பெர்மிட் எழுதித்தரும் காணிக் கந்தோரின் பெரியவர் இவர்தான் என்று என் தகப்பனாரான ஐயா முடிவுகட்டினார். கறுப்புக் கட்டம் வெட்டாத காடு, வெள்ளை வெட்டிய துண்டு. சேற்றுக் காலோடு வரும் அயலவர்கள் அதில் வாய்க்கால் எங்கே என்று தேடி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அம்மா கரையோரத்து வெள்ளைக் கட்டமொன்றில் ஈர்க்கை வைத்து, "இது எங்கட" என்பார்.

"பெர்மிட் எப்ப வரும், ஐயா?" என்று நான் கேட்பேன்.

"அவர் யோசிக்கிறார், பிள்ளை. குழப்பாதை."

அதனால் அலுமாரியைக் கடக்கும்போது நான் நுனிக்காலில் நடந்தேன். குசினியில் சட்டி மூடிகூடச் சத்தமில்லாமல்தான் மூடப்பட்டது.

பெர்மிட் வந்தது. பிறகு யுத்தத்தில் வீடும் அலுமாரியும் போயின. இவரோ சதுரங்கம் ஆடியவராம். அப்படியென்றால், நாங்கள் மூச்சடக்கி நடந்த அத்தனை நாளும் எங்கள் காணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது யார்?