டப்பாவில் போட்ட ரப்பர் துண்டு

உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்காத யுத்த காலத்தில், கொல்லிமலை மிளகை அடிவாரத்திலிருந்து ஏற்றிச்செல்லும் அப்பாவின் பழைய லாரியில், எஞ்சின் ஆயில் குளிர்ந்து திரும்பும் ரப்பர் குழாய் வெடிப்பு விட்டுக் கசிந்தது. எஞ்சின் போனால் எங்கள் பிழைப்பும் போய்விடும்.

பழைய பித்தளை முனைகளையே வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் மாற்றினால் போதும் என்றார் சேந்தமங்கலம் மெக்கானிக். மலிவாகச் சொன்னதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. புதுக் குழாயில் விரலளவு வெட்டி ஒரு டப்பாவில் போட்டு மூடியவர், மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்.

போனதும் கேட்டேன். “ஏனுங்க, எங்க குழாயில வெட்டினது எங்கீங்க? எங்க ஊட்டுல படிச்சவ நான். ஏமாத்த முடியாதுங்க.”

டப்பாவைத் திறந்தார். துண்டு ஆயிலில் கிடந்தது.

“தண்ணிக் குழாயா இருந்தா ஆயில்ல ஊறி இந்நேரம் ஊதிப்போயிருக்கும், கண்ணு. அமுக்கிப் பாரு.”

அமுக்கினேன். கெட்டியாகவே இருந்தது.

“படிச்ச புள்ள சொன்னா மாட்டிடறேன்.”

“மாட்டிடுங்க” என்றேன். அந்த மூன்று நாளும் இருவருமே சந்தேகத்தோடுதான் இருந்திருக்கிறோம். அவர் ரப்பரைச் சந்தேகப்பட்டார். நான் அவரை.