சஹனுக்கு வெளியே அமர்ந்தவர்கள்

ஓய்வு பெற்ற பின்னரும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கிறார்கள். பழைய பக்திப் பாடல்களை இராகத்தோடு சொல்லி, அவற்றின் வழியே இன்றைய காரியங்களை விளக்குவேன் என்பதே அதற்குக் காரணம். இவ்வருடம் எங்கள் மருதமுனை முஸ்லிம் பிள்ளைகளையும் திருக்கோவிலிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி ஒருநாள் வகுப்பு நடத்தினேன். இந்த உலகத்தில் அயலவரோடும் கடலோடும் மண்ணோடும் நெறி தவறாமல் வாழ்வது எப்படி என்பது பாடம்.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் நீரைக்கூட வீணாக்கலாகாது என்பதில் தொடங்கினேன். கரைவலையில் மீனோடு சேர்ந்து ஏறிவரும் பொலித்தீனைப் பற்றிச் சொன்னபோது திருக்கோவில் பிள்ளையொன்று, “எங்கட கடலுக்கும் அதுதான் சேர் வருது” என்றது. கடல் ஒன்றுதானே என்றேன். படைப்புகள் யாவும் ஒரே இறைவனின் பராமரிப்பில் உள்ளவை என்று பாடியும் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். என் நெஞ்சு நிறைந்திருந்தது.

பகல் சாப்பாட்டுக்கான ஏற்பாட்டை முதல்நாளே நான்தான் தீர்மானித்திருந்தேன். ஐந்தாறு பேர் வட்டமாக அமர்ந்து ஒரே பெரிய தாம்பாளத்தில் உண்பது எங்கள் வழக்கம். அந்தத் தாம்பாளத்தைச் சஹன் என்போம்.

“சேர், வாற பிள்ளையளுக்கும் சஹன் வைக்கவா?” என்று சமையலுக்குப் பொறுப்பானவர் கேட்டார்.

“வேணாம். மரக்கறிச் சோறு பார்சலாக் கட்டுங்க. நம்மட சஹன்ல கை வைக்க அவங்களுக்கு ஒரு மாதிரியா இரிக்கும்.”

அதைப் பிறர் மனமறிந்து நடக்கும் பண்பு என்றே எண்ணியிருந்தேன்.

எங்கள் பிள்ளைகள் பாயில் சஹனைச் சுற்றி அமர்ந்தார்கள். விருந்தினர் சுவரோரமாக வாங்குப் பலகைகளில் அமர்ந்து பொதிகளைப் பிரித்தார்கள். அவர்களை அழைத்து வந்த ஆசிரியை மாத்திரம் தம் பொதியைப் பிரிக்காமல் என்னிடம் வந்தார்.

“சேர், ஒண்டு சொல்லட்டா? கோவிக்கப்படாது.”

“சொல்லுங்க டீச்சர்.”

“இந்தப் பிள்ளையள்ற தாய் தகப்பன் விடமாட்டம் எண்டுதான் நிண்டவங்க. வீடு வீடாப் போய்க் கதைச்சன். அங்க ஒரே சஹன்ல நம்மட பிள்ளையளையும் இருத்திச் சாப்பிட வைப்பாங்க, பயப்படாம விடுங்க எண்டு சொன்னன். இறைச்சி மட்டும் வேணாம் எண்டாங்க. மரக்கறியச் சஹன்ல போட்டா என்ன சேர்? இப்ப போய் அவங்களுக்கு என்னத்தச் சொல்ல?”

என் முகம் எரிந்தது. உடனே புதுச் சஹன் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். அதற்குள் விருந்தினரில் பாதிப் பேர் உண்டு முடித்துவிட்டார்கள். “வயிறு நிறைஞ்சிட்டு சேர்” என்றார்கள், மரியாதையாக. சமையற்காரர் சஹனை வைத்து, வழமைபோல் அதன்மேல் ஒரு பொலித்தீன் தாளை விரித்தார். விருந்தினர் பக்கமிருந்த சிறுமியொருத்தி எட்டிப் பார்த்தாள்.

“சேர், காலையில சொன்ன பொலித்தீன் இதுதானே?”

எங்கள் பையன்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். “சேர் மாட்டுப்பட்டுட்டாரு!”

“கழுவ ஆளில்ல, அதான்” என்று சமையற்காரர் முணுமுணுத்தார். எல்லாச் சஹன்களிலும் அந்தத் தாள் கிடந்தது. கலியாணத்திலும் கந்தூரி விருந்திலும் எத்தனையோ வருடமாக அதன்மேல்தான் நானும் உண்டு வருகிறேன். அன்று வரை அது என் கண்ணில் பட்டதில்லை.

மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பின் வழக்கம்போல் முனாஜாத்துப் பாடல் ஓத அமர்ந்தேன். எல்லோரிலும் கடையேன், பிழை பொறுப்பாய் என்று இறைவனிடம் இறைஞ்சும் அடிகளை இளவயது முதல் தடையின்றிப் பாடி வந்திருக்கிறேன். அன்று அந்த அடி வந்ததும் குரல் நின்றுவிட்டது. அந்த ஆசிரியை ஊர் போய் என்ன சொல்லியிருப்பார் என்பதிலேயே மனம் கிடந்தது. கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

சில வாரங்களில் அவரே தொலைபேசியில் அழைத்தார்.

“சேர், இந்த முறை நீங்க எங்கட பள்ளிக்கூடத்துக்கு வரவேணும். தாய்மார்தான் சமைக்கப் போறாங்க. உங்கட பிள்ளையள் என்ன சாப்பிடுவாங்க, எப்பிடி இருந்தா விருப்பம் எண்டு கேட்டுச் சொல்லட்டாம். புதுச்சட்டி வாங்கவேணுமெண்டாலும் வாங்குவாங்களாம். லுஹர் தொழ ஒரு வகுப்பறை ஒதுக்கியிரிக்கம்.”

அவர் கேட்டவற்றில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. பிள்ளைகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் போய் எங்கள் பிள்ளைகளிடம் கேட்டேன். எல்லோரும் வருவதாகக் கை உயர்த்தினார்கள். எப்படி இருந்து சாப்பிட விருப்பம் என்றதும் முன்வரிசைப் பையன் ஒருவன் என்னை வியப்போடு பார்த்தான்.

“நம்மளத் தனியாத்தானே சேர் இருத்துவாங்க?”

அவன் குரலில் மனத்தாங்கல் ஏதுமில்லை. விருந்தினரை அப்படித்தான் உபசரிப்பது என்று அவன் நம்பியிருந்தான். அன்று அவனுக்குப் பாடம் நடத்தியவன் நான்.