ஆல்ட்டோவுக்கு ஒரு டேப்

என் மனைவி முப்பது வருஷமாக சர்ச் கொயரில் பாடுகிறாள். கொயரில் நான்கு குரல்கள் உண்டு. ஊருக்கெல்லாம் தெரிந்த மெட்டைப் பாடுவது சோப்ரானோ. அதற்கு அடியில் துணையாக ஓடும் பெண்குரலுக்கு ஆல்ட்டோ என்று பெயர். இவள் ஆல்ட்டோ. வெங்காயம் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவள் பயிற்சி செய்வது அந்த வரியைத்தான். தனியாகக் கேட்டால் பாட்டின் பாதியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருக்கும். ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கு அதுவே மெட்டாகப் பதிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆபீஸில் நான் எதையாவது முணுமுணுத்தால் பக்கத்து மேஜைக்காரர், "இன்னா சார், புதுப் பாட்டா?" என்று கேட்பார். எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டாகத்தான் இருக்கும்.

போன வருஷம் அவளுக்குக் கண்ணில் சர்க்கரை வேலையைக் காட்டியது. எங்கள் கொயரில் ஸ்வரங்களை ஆங்கில எழுத்துகளாகவும், தாளத்தைப் புள்ளியாகவும் முக்காற்புள்ளியாகவும் அச்சடித்த தாள்களை வைத்துத்தான் பாடுவார்கள். ஒரு புள்ளி கண்ணில் படாமல் போனால் மற்றவர்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல் குரல் தனியாக முன்னால் ஓடிவிடும். இரண்டு முறை அவள் குரல் அப்படி ஓடிவிட்டது. கண் டாக்டர், "இனிமே கண்ணாடி மாத்திப் பிரயோஜனம் இல்லம்மா, எழுத்தைப் பெருசாக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார். பெரிய தாளில் ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தோம். செய்தித்தாள் படிப்பவள் போல முகம் மறைந்துவிட்டது. மெதுவாகப் பாட வேண்டிய இடத்தில் தாள் சரசரத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அறுப்பின் பண்டிகையோட நிறுத்திக்கறேன்னு கொயர் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேங்க" என்றாள். சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். அவள் பாடாமல் குழம்பு கிளறியதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தாளைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்க ஒரு டேப், அதாவது டேப்லெட், வாங்கலாம் என்றேன். "எனக்கெதுக்குங்க அதெல்லாம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் வேண்டும் என்றுதான் அர்த்தம்.

மறைமலை நகரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் இருக்கிறேன். மூன்று கொட்டேஷன் வாங்காமல், ஒப்பீட்டு அட்டவணை போடாமல் ஒரு போல்ட் கூட எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வராது. வீட்டில் மிக்ஸி வாங்கியதும் அப்படித்தான். டேப்புக்கும் அட்டவணை போட்டேன். பத்து வரி. முதல் வரி பிராசஸரின் வேகம். அப்புறம் ரேம், பேட்டரி, எத்தனை வருஷத்துக்கு அப்டேட், சர்வீஸ் சென்டர் எவ்வளவு பக்கம் என்று போனது. திரையின் அளவு எட்டாவது வரியில் இருந்தது. பேர்போன கம்பெனியின் டேப் ஏறக்குறைய எல்லா வரியிலும் ஜெயித்தது. அதே விலைக்குக் கிடைத்த இன்னொன்று நான் கேள்விப்படாத கம்பெனி. கேள்விப்படாத வெண்டாரிடம் எதையும் வாங்காதே என்று இருபது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பெரிய கம்பெனியிலேயே பெரிய திரை வைத்ததும் இருந்தது. அதன் விலையைக் கேட்டால் இவள் கடையை விட்டே இறங்கிவிடுவாள். ஆக, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் தாம்பரம் போனோம். ஜிஎஸ்டி ரோட்டில் கடை. விற்பனையைக் கவனிக்கும் பெண்ணிடம் என் அட்டவணையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சார், நீங்களே எல்லாம் முடிவு பண்ணிட்டு வந்துருக்கீங்க. யூஸ் பண்ணப்போறது நீங்களா?"

"இவங்க" என்றேன்.

"மேடம், எதுக்குப் பாக்கறீங்க?"

என் மனைவி தன் போனை எடுத்தாள். பண்டிகைக்குப் பாடப்போகும் பாட்டின் தாள்களை அதில் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதை என் அட்டவணையில் இருந்த இரண்டு டேப்பிலும் போட்டுக் காட்டச் சொன்னாள். பிறகு ஹேண்ட்பேகை என் தோளில் மாட்டிவிட்டு, கொயரில் நிற்பது போல நேராக நின்று, பெரிய கம்பெனி டேப்பை நெஞ்சு உயரத்தில் பிடித்துப் பாட ஆரம்பித்தாள். சின்னக் குரலில்தான், ஆனாலும் பாட்டு. வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பியது. எனக்குக் கூச்சத்தில் காது சூடானது.

மூன்றாவது வரியில் நிறுத்தினாள். "எழுத்தைப் பெருசாக்கினா வரி பாதியில வெட்டுது. கையால தள்ளித் தள்ளித்தான் படிக்கணும்" என்றாள். அடுத்ததை எடுத்தாள். பேர் தெரியாத கம்பெனி, ஆனால் அகலமானது. படுக்கவைத்துப் பிடித்ததும் ஒரு முழு வரியும் பெரிய எழுத்தில் அடங்கியது. பாடினாள். பக்கத்தின் கடைசி வரி வந்ததும் விரலால் தள்ளினாள். அடுத்த பக்கம் ஒரு நொடி தயங்கித்தான் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. "பாத்தியா? ஸ்லோ. பிராசஸர் மட்டம். நான் சொல்லலை?"

"அந்த இடத்துல நான் மூச்சு எடுக்கணுங்க" என்றாள். "எடுத்து முடிக்கறதுக்குள்ள பக்கம் வந்துடுது."

அட்டவணையை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் போடப் போனாள். வேகத்தை முதல் வரியில் எழுதிய நான், பாடுகிறவள் எங்கே மூச்சு விடுவாள் என்று ஒரு தடவை கூட யோசிக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை அன்று, விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் வழக்கப்படி, சர்ச் முழுக்கக் கரும்பும் வாழைத்தாரும் பூசணிக்காயும். நான் வழக்கம்போல நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவள் டேப்புக்குக் கறுப்பு உறை போட்டிருந்ததால் மற்றவர்களின் ஃபைல்களோடு அது ஒன்றாகிப்போயிருந்தது. பாட்டு ஆரம்பித்தது. அந்தக் கடைசி வரி வரவர என் கை முன்வரிசைப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வெண்டார் தெரியாத சரக்கு, இப்போது நின்றுபோனால் அவ்வளவுதான். அவள் விரல் நகர்ந்தது. தோள் லேசாக உயர்ந்தது. மூச்சு. அடுத்த வரி சரியான இடத்தில் வந்து விழுந்தது.

இருபது பேர் பாடினார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு குரலின் மெட்டு மட்டும்தான் என்பதால், அவள் குரலைத் தேட வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது என்பதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்தவள், "அது ஆல்ட்டோங்க. அதைத் தனியாப் பாடினா யாருக்கும் பாட்டுன்னே தெரியாது" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அஸ்தினாபுரம் திருப்பத்தில் என் சட்டைப் பையில் நாலாக மடித்த தாள்களைச் செருகினாள். மாஸ்டர் கொடுத்த கிறிஸ்துமஸ் பாட்டுகள்.

"வீட்டுக்குப் போனதும் இதையும் போட்டோ எடுத்து அதுல ஏத்திக் கொடுங்க" என்றாள்.