இறவாணம் வரை எங்கள் மனை

மழை நாளில் கீற்றுக் கூரைக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்திருந்தால் வீடு மெல்ல நகர்வது போல இருக்கும். ஐப்பசி பிறந்தால் எனக்கு இந்தப் பிரமை தினமும் வரும். ஈர மண் வாசத்தோடு சுவர்கள் அசைந்து, வாய்க்கால் வழியே திருத்துறைப்பூண்டி தாண்டி, நாங்கள் எல்லோரும் பாயோடு கடலுக்குப் போய்க்கொண்டிருப்போம். சுகமாகத்தான் இருக்கும். அந்த ஒரு வருஷம் மட்டும் பயந்தேன். அப்போது வீடு நிஜமாகவே போய்விடும் போலிருந்தது.

எங்கள் தெருவில் தரை பண்ணையாருடையது. அதன்மேல் நிற்கிற மண்சுவரும் கீற்றும் எங்களுடையவை. கூலி கூட்டிக் கேட்டால் வீட்டைக் காலி பண்ணு என்பார்கள். அப்படியிருக்கும்போதுதான், குடியிருக்கிறவனுக்கே குடிசை மனை சொந்தம் என்று சென்னையில் புது ஆட்சி சட்டம் போட்டது. தாலுகாவிலிருந்து ஆள் வந்து அளந்து பட்டா எழுதுவார்கள், ஆனால் வீடு நின்றால்தான் எழுதுவார்கள் என்று அப்பா சங்கத்தில் கேட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் ஆட்களுக்கு எல்லை என்றால் இறவாணத் தண்ணீர் விழுகிற இடம். கூரை விளிம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் வரிசையாகக் குழி போட்டிருக்கும். அதற்கு இந்தப் பக்கம் நம்முடையது, அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரருடையது. எங்கள் கோழி அந்தப் பக்கம் போய் முட்டையிட்டால் அந்த முட்டைக்கும் பஞ்சாயத்து உண்டு. சர்க்காரும் அப்படித்தான் அளக்கும் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. ஒரு புண்ணியவானாவது போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆளாளுக்கு மூங்கில் வாங்கிக் கூரையை வெளியே இழுத்தார்கள். விளிம்பு தாழ்ந்து போகாமல் இருக்கக் கால் நட்டுத் தூக்கினார்கள், காலுக்கு அடியில் மண் கொட்டி மேடாக்கினார்கள். பேராசை என்று இன்றைக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். சொந்தமாக ஒரு சாண் மண் இல்லாதவர்களுக்கு இரண்டு முழம் என்பது சின்ன விஷயமில்லை.

எங்கள் பக்கத்து வீடு சித்தப்பாவுடையது. அப்பாவும் அவரும் பேசுவதில்லை. கூலி கூட்டிக் கேட்டுச் சங்கம் நடத்திய அறுவடை மறியலின்போது சித்தப்பா பண்ணை பக்கம் போய், வெளியூர் ஆட்களோடு சேர்ந்து கதிர் அறுத்தார். வீட்டில் அடுப்பு எரியவில்லை, போனார். அன்றிலிருந்து அப்பா அவரை "அந்த ஆளு" என்றுதான் குறிப்பிடுவார். கூரை இழுக்கும் போட்டியில் இரண்டு வீட்டு விளிம்பும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவர் வெட்டட்டும் என்று இவர், இவர் வெட்டட்டும் என்று அவர்.

எனக்கென்னவோ அந்த இடுக்கு பிடித்துப்போயிற்று. இரண்டு கூரைக்கும் நடுவே பகலிலேயே பாதி இருட்டு. கீற்றின் கண்களில் நுழைந்த வெளிச்சம் பொட்டுப் பொட்டாகச் சுவரில் ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்தால் இந்த வீட்டு அம்மா தாளிக்கும் வாசனையும் அந்த வீட்டுச் சின்னம்மா முனகும் பாட்டும் ஒன்றாக வரும். எது எந்த வீடு என்று மறந்துபோகும்.

அடைமழை பிடித்தபோதுதான் செய்த காரியம் புரிந்தது. முன்பு கூரை நல்ல சரிவாக இருந்தது. விழுந்த தண்ணீர் நிற்காமல் வழிந்து, சுவருக்கு எட்ட விழுந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே வெட்டியிருந்த வாரியில் ஓடிக் குளத்துக்குப் போய்விடும். இப்போது நீட்டிய கூரை படுத்துவிட்டது. கீற்று தண்ணீரைக் குடித்து ஊறியது. இரண்டு வீட்டுத் தண்ணீரும் ஒரே இடுக்கில் கொட்டியது. வாரியைத்தான் கால் நட்டு மண் கொட்டித் தூர்த்தாயிற்றே. தண்ணீர் போக வழியில்லாமல் இரண்டு சுவரின் அடியையும் கரைத்துக்கொண்டு நின்றது. அளக்கிற ஆள் மழை விட்டதும் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை சுவர் நிற்க வேண்டும்.

அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. அப்பாவைக் கேட்கவில்லை. கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு இடுக்குக்குள் இறங்கி எங்கள் பக்கத்து விளிம்பை அறுத்துத் தள்ளினாள்.

"மனை கொறைஞ்சா கொறையட்டும். செவுரு வேணும்," என்றாள்.

சற்று நேரத்தில் அந்தப் பக்கத்துக் கீற்றும் சரிந்து விழுந்தது. சின்னம்மா நனைந்துகொண்டு நின்றாள், அவள் கையிலும் அரிவாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமலே இருவரும் மண்வெட்டி பிடித்து, மேட்டைக் கொத்தி, மறுபடி வாரியை வெட்டினார்கள். நான் சேற்றைக் கூடையில் அள்ளினேன். தேங்கிய தண்ணீர் முதலில் தயங்கியது, பிறகு சுழித்துக்கொண்டு குளத்துப் பக்கம் ஓடியது. அப்படியொரு சந்தோஷம் எனக்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

எங்கள் சுவர் பிழைத்தது. சித்தப்பா வீடு பள்ளத்தில் இருந்தது, ரொம்பவே ஊறியிருந்தது. மறுநாள் மத்தியானம் பெருமூச்சு விட்டு உட்கார்வது போல அந்தச் சுவர் உட்கார்ந்தது, கூரை அதன்மேல் சாய்ந்தது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. அம்மா சின்னம்மாவையும் பிள்ளைகளையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். சித்தப்பா வரவில்லை, மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார். அப்பாவும் கூப்பிடவில்லை.

வெயில் அடித்ததும் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். கூரையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை; சுவருக்குச் சுவர் அளந்தார். ஆளாளுக்குத் தாங்கள் இழுத்துவிட்ட கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் வீட்டை அளந்து முடித்து, அடுத்த மண்குவியலைப் பார்த்ததும் சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். கூட வந்த பண்ணை ஏஜெண்டு, அங்கே இப்போது யாரும் குடியிருக்கவில்லை, அது பண்ணை இடம்தான் என்றார். அந்தப் பண்ணைக்காகத்தான் சித்தப்பா ஊரைப் பகைத்துக்கொண்டு கதிர் அறுத்தார். அவர் தூரத்தில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா மண்குவியலில் ஏறினார். கணுக்கால் புதையப் புதைய நடந்து, சுவர் இருந்த மூலையில் போய் நின்றார்.

"செவுரு இங்கதாங்க இருந்திச்சு. என் தம்பி வீடு. பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கான். சங்கிலிய எங்கிட்ட குடுங்க, நான் புடிக்கிறேன்."

சர்வேயர் ஏஜெண்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு சங்கிலி முனையைக் கொடுத்தார். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அப்பா திரும்பி சித்தப்பாவை, "வாடா," என்று கூப்பிட்டார். சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே வந்து பிடித்தார்.