முதலில் காசைக் காட்டு

விருத்தாசலத்துக்குத் தொழில் தெரியாது என்று திண்டிவனத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். எரிந்துபோன கிணற்று மோட்டாரை முகர்ந்து பார்த்தே எந்தக் கம்பிச் சுருள் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மயிலம் பக்கத்திலிருந்து விவசாயிகள் மோட்டாரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து அவருடைய பட்டறையில்தான் இறக்குவார்கள். ஆளும் நல்ல ஆள். யாரைப் பார்த்தாலும் கடன் கேட்டுவிடுவார், அது ஒன்றுதான் வியாதி.

கேட்பதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். முதலில் ஐந்நூறு வாங்குவார். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "பெரிய உதவிங்க" என்று கும்பிடுவார். கொடுத்தவர் மனம் குளிர்ந்து நிற்கும்போது, அடுத்த வாரமே போய் ஐயாயிரம் வாங்குவார். அத்தோடு சரி. அதன்பிறகு அந்த ஆள் இருக்கும் தெரு விருத்தாசலத்தின் ஊரிலேயே இல்லாமல் போய்விடும்.

குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. தங்கை மகள் சடங்குக்கு மற்ற மாமன்களைவிட நாலு சீர்த் தட்டு கூடுதலாக வைத்தே ஆகவேண்டும் என்கிற வீம்பு மட்டும் இருந்தது. அந்த நாலு தட்டில் தொடங்கி ஒன்பது வருடத்தில் பதினொரு பேரிடம் கைநீட்டியிருந்தார். பட்டறையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து நிமிட நடை. அவர் இருபது நிமிடம் சுற்றிப் போவார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டார். தெரிந்த நம்பர் என்றால் நிச்சயமாக எடுக்கமாட்டார். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் தெரியும் செருப்பை வைத்தே வந்திருப்பது யார் என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவநாதன் மளிகைக் கடைக்கு எதிரில் இருக்கும் டைல்ஸ் கடை போர்டுக்குப் பின்னால் நின்றிருந்தார். தேவநாதனுக்கு ஆறாயிரத்து எண்ணூறு பாக்கி, ஐந்து வருடமாக. அவர் உள்ளே சரக்கு எடுக்கப் போகிற நேரம் பார்த்து ஓடிவிடலாம் என்று காத்திருந்தபோது, மகள் அஸ்வினி கடைக்கு வந்தாள். ஏழாவது படிக்கிற பெண். மற்ற பிள்ளைகள் எல்லாம் "அண்ணா, ரவை", "அண்ணா, ஷாம்பு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அஸ்வினி வாயைத் திறக்கவில்லை. ஐம்பது ரூபாய் நோட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவநாதன் நோட்டைப் பார்த்தார். வாங்கிக் கல்லாவில் போட்டார். பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டார். பிறகுதான் அவளும் சொன்னாள்.

யாரும் அவளை அதட்டவில்லை. அவளாகவே பழகிக்கொண்டிருந்தாள். எந்தக் கடையில் யார் என்ன சொல்லி இந்தப் பழக்கம் வந்தது என்று கேட்கக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று விருத்தாசலத்துக்குத் தெரிந்தது. இந்தப் பிள்ளை ஒரு நாளாவது காசைக் காட்டாமல், முதலில் வாயைத் திறந்து ஒரு பொருளைக் கேட்டுவிட வேண்டும். அது ஒன்று போதும் என்று நினைத்தார்.

வீட்டுக்குப் போய்க் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினொரு பெயரையும் எழுதினார். கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்று மூன்றாயிரம். மனைவி சித்ரா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா இது திடீர்னு? எவ்ளோ பெருசா வாங்கப் போறீங்க?"

"வாங்கலம்மா. குடுக்கப் போறேன்."

"ஒவ்வொரு தபாவும் இப்படித்தான ஆரம்பிப்பீங்க."

அன்று அவர் குளித்துவிட்டு வருவதற்குள் பீரோவில் இருந்த வீட்டுப் பத்திரம் இடம் மாறிவிட்டது. எங்கே போனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த ஞாயிறு ஐந்நூறு ரூபாயோடு தேவநாதன் முன்னால் போய் நின்றார். வாராவாரம் இவ்வளவு தருகிறேன் என்றார். தேவநாதன் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல நோட்டுதான். அதனால்தான் அவருக்குச் சந்தேகம் அதிகமானது.

"வேணாம்பா. எடுத்துக்கினு போ."

"உங்க காசுங்க இது."

"அத நான் எப்பவோ தலைமுழுகிட்டேன். இப்ப இத வாங்குனா அடுத்த வாரம் வந்து அம்பதாயிரம் கேப்ப. எனக்கு இந்தப் பேஜாரே வேணாம்."

கடனைக் கொடுக்காமல் ஓடியது போய், கொடுக்கப் போனால் வாங்க ஆள் இல்லை என்றாகிவிட்டது. கோட்டக்குப்பத்தில், அவருக்குக் கடன் கொடுத்துவிட்டுத் துபாய் போய்த் திரும்பி வந்திருந்த இப்ராஹிம் ஷா, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "உண்மைய சொல்லு பாய், டாக்டர் எதுனா நாள் குறிச்சிட்டாரா?" என்று கேட்டார். கண்டாச்சிபுரத்து விவசாயி ஒருவர் ஆயிரம் ரூபாயை வாங்கி எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, அவர் கண்ணெதிரிலேயே போனை எடுத்து அவருடைய நம்பரை பிளாக் செய்தார். விருத்தாசலம் யாரைக் கோபித்துக்கொள்வது? இத்தனை பேருக்கும் இந்தச் சந்தேகத்தைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர்தானே.

மூன்றாவது ஞாயிறு தேவநாதன் ஒரு வழிக்கு வந்தார். பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "இனிமே என்னாண்ட கடன் கேக்க மாட்டேன்னு எழுதி கையெழுத்து போடு. அப்பத்தான் வாங்குவேன்."

கடன் வாங்குகிறவன் எழுதிக்கொடுத்துப் பார்த்திருக்கிறோம். திருப்பித் தருகிறவன் எழுதிக்கொடுத்தது அன்றுதான். விருத்தாசலம் எழுதினார். தேவநாதன் அதைத் தராசுக்குப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கிற உயரத்தில் ஒட்டினார்.

"உள்ள எங்கனா ஒட்டக் கூடாதுங்களா? என் பொண்ணு வர்ற கடைங்க."

"உள்ள ஒட்டுனா உனக்கு மறந்துபூடும்."

அன்று மாலை கடைக்குப் போய்வந்த அஸ்வினி செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள். "அந்தத் தாளு நீங்க எழுதுனதாப்பா?"

"ஆமா."

அவள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மறுநாளும் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

விருத்தாசலம் விடவில்லை. வாரம் தவறாமல் கொடுத்தார். தேவநாதனும் வாரம் தவறாமல் நோட்டை வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்பது ஞாயிறு இப்படியே போனது. பத்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, அஸ்வினி ஒரு கையில் சர்க்கரைப் பொட்டலமும் மறு கையில் கொண்டுபோன இருநூறு ரூபாய் நோட்டுமாக வீட்டுக்குள் வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

சித்ரா பதறினாள். "காசு குடுக்காம எடுத்துக்கினு வந்துட்டியா?"

"சில்லறை இல்லம்மா. அப்புறமா குடு, போன்னு அவருதான் சொன்னாரு."

விருத்தாசலத்துக்கு நம்பிக்கை வரவில்லை. ஐந்நூறைக் கொடுத்து ஐயாயிரத்தைப் பிடித்தவருக்கு, யாராவது தாராளமாக நடந்துகொண்டால் தூண்டில் ஞாபகம்தான் வரும். நாளைக்கே நாலு பேர் முன்னால், அப்பன் மாதிரியே பெண்ணும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? சாமி உண்டியலைக் கவிழ்த்து இருபத்து நான்கு ரூபாயைப் பொறுக்கினார். சட்டையைப் பாதி வழியில்தான் மாட்டினார். சுற்று வழியெல்லாம் மறந்துபோய், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக நேர்த் தெருவில் ஓடினார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்லியே?" என்றார் தேவநாதன்.

"சர்க்கரைக் காசுங்க. இருவத்திநாலு ரூபா."

"அதுக்கா இப்டி ஓடியாந்த? பாப்பா நாளைக்கி வரும்போது குடுத்தா போச்சு."

"இல்லீங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "என் பேருல எவ்ளோ வேணா இருக்கட்டும். அது பேருல ஒரு நாள் கூட பாக்கி நிக்கக் கூடாதுங்க."

தேவநாதன் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணிவிட்டு, "பாப்பா பேருல நான் எதுவும் எழுதலப்பா" என்றார். தராசுக்குப் பக்கத்தில் இருந்த தாளை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி விருத்தாசலமும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை அஸ்வினி கடைக்குக் கிளம்பினாள். விருத்தாசலம் பின்னாலேயே போய் டைல்ஸ் கடை போர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இந்த முறை தேவநாதனுக்குப் பயந்து இல்லை. கடையில் நல்ல கூட்டம். அஸ்வினி பிள்ளைகளுக்கு நடுவே நுழைந்து முன்னால் போனாள். தராசுக்குப் பக்கத்தில் இருந்த தாளை ஒரு தரம் பார்த்தாள்.

"அண்ணா, கால் கிலோ துவரம்பருப்பு" என்றாள்.

தேவநாதன் தராசை எடுத்தார். ரூபாய் நோட்டை இறுக்கிப் பிடித்திருந்த கை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.